கொட்டகையை அறையாக்கலாமா? கேள்விகளும் ஒரு மேஸ்திரியின் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் 25 வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். மாட்டை விற்றாகிவிட்டது, கொட்டகை சும்மா கிடக்கிறது, அதில் ஒரு ஆள் தங்குகிற மாதிரி செய்ய முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். ஆனால் டைல்ஸும் பெயின்ட்டும் கடைசி வேலை.

அண்ணா, எங்கள் மாட்டுக் கொட்டகை 12க்கு 10 அடி. சிமெண்ட் தரைதான். மேலே டைல்ஸ் ஒட்டினால் பையன் படிக்க அறையாகிவிடுமா? (பாலக்கோடு)

அப்படியே ஒட்டாதேம்மா. நான் அந்தத் தப்பைச் செய்தவன். என் அம்மாவுக்காகப் பழைய கொட்டகையை அறையாக்கினேன், தரையைத் தோண்டாமல் மேலேயே பூசிவிட்டேன். மூன்றாவது மாதம் சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்தது. விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். அப்புறம் பூச்சு அப்பளம் போல உப்பி, தட்டினால் பொலபொலவென்று கொட்டியது. வருடக்கணக்கில் மாட்டு மூத்திரம் ஊறின மண்ணில் உப்பு இருக்கிறது. ஈரம் மேலே ஏறும்போது அதையும் சேர்த்துக் கொண்டுவரும். எந்தப் பெயின்ட்டும் அதைத் தடுக்காது.

தரையை உடைத்து, ஒரு அடி மண்ணை அள்ளி வெளியே போடுங்கள். சுத்தமான கிராவல் நிரப்பித் தண்ணீர் விட்டுத் திம்ஸ் கட்டையால் இடித்து, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, பிறகு 4 அங்குலம் கான்கிரீட். தரைமட்டம் வெளி வாசலைவிட ஒன்றரை அடி உயரமாக இருக்கட்டும். சுவரில் 3 அடி உயரம் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, இரண்டு மூன்று முறை கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். ஒரு வெயில் காலம் காய்ந்தால் ரொம்ப நல்லது. அள்ளின மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், தென்னைக்குப் போடலாம்.

அளவு போதும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, ஒரே அறையாக இருந்தால் குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுர அடி வேண்டும் என்கிறது. உங்களுடையது 120. உயரம் 9 அடி இருக்கிறதா பாருங்கள். கொட்டகையில் சரிவின் தாழ்ந்த பக்கம் பெரும்பாலும் 7 அடிதான் இருக்கும், சுவரைத் தூக்க வேண்டி வரும்.

ஷீட் கூரை. மத்தியானம் உள்ளே நிற்க முடியவில்லை. தெர்மாகோல் ஒட்டலாமா சார்? (ஊத்தங்கரை)

வேண்டாம். தீப்பொறி பட்டால் உருகி எரியும், புகை கொடியது. எலியும் குடைந்துவிடும்.

ஏப்ரல் மாதம் இரண்டு மணிக்கு உள்ளே ஸ்டூல் போட்டு ஏறி, ஷீட்டுக்கு ஒரு சாண் கீழே கையை நீட்டிப் பாருங்கள். அடுப்புக்கு மேலே கை நீட்டின மாதிரி இருக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் தலைமேல் இறக்கும். அதனால் முதலில் ஷீட்டின் மேல்பக்கம் வெள்ளையடியுங்கள். சிமெண்ட் ஷீட் என்றால் சுண்ணாம்பே போதும், வருடா வருடம் அடிக்க வேண்டும். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் வாங்குங்கள். அப்புறம் ஷீட்டுக்குக் கீழே அரை அடி இடைவெளி விட்டு சீலிங் போட்டு, இரண்டு முக்கோணச் சுவரிலும் மேலே வலை வைத்த ஓட்டை விடுங்கள். சிக்கின சூடு அந்த வழியாக வெளியேறும். ஓட்டை இல்லாத சீலிங் பாதி வேலைதான்.

பழைய சிமெண்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அறுப்பதோ துளை போடுவதோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்து நோயாக வரும். சீலிங்கைச் சுவரில் தாங்கவிடுங்கள், ஷீட்டில் தொங்கவிடாதீர்கள்.

பட்டுப்புழு ஷெட்டில் பாதியைத் தடுத்து, வேலைக்கு வரும் குடும்பத்துக்கு அறை கட்டலாமா? மறுபாதியில் புழு வளர்ப்போம். (பென்னாகரம்)

என் மனசுக்கு ஒப்பவில்லை அண்ணா. புழு தொற்றுக்குப் பயந்து ஃபார்மலினும் பிளீச்சிங் பவுடரும் அடிப்பீர்கள், அந்த நெடியில் குழந்தை தூங்க முடியாது. அந்தப் பக்கம் கொசுவர்த்தி கொளுத்தினால் இந்தப் பக்கம் புழு செத்துவிழும். கொசு மருந்துக்குப் பட்டுப்புழு தாங்காது. கரையான் மருந்துக்கும் அப்படித்தான். வளர்ப்பையே விட்டுவிட்டீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நன்றாகக் கழுவி, பல நாள் திறந்துபோட்டு, பிறகு குடிவையுங்கள். ஷெட்டுக்கு மானியம் வாங்கியிருந்தால் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கிணற்று மோட்டார் லைனிலிருந்து ஒரு பல்பு, ஃபேன் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? (காரிமங்கலம்)

கூடாது தம்பி. அந்த இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டும். வீட்டு மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), எர்த் இரண்டும் போடச் சொல்லுங்கள். தகரமும் இரும்பு ஆங்கிளும் உள்ள ஷெட்டில் ஒரு வயர் தோல் உரிந்தால் மொத்த ஷெட்டிலும் மின்சாரம் பாயும்.

பழைய கல்தூணெல்லாம் இருக்கிறது. எடுத்துவிட்டுப் புதுசாகக் கட்டச் சொல்கிறார்கள். (பர்கூர்)

எடுக்காதீர்கள்! நம் பக்கத்துக் கல் இன்னும் இரண்டு தலைமுறை நிற்கும். தூணுக்குத் தூண் நடுவில் செங்கல் சுவர் எழுப்புங்கள். கல்லும் செங்கலும் சேரும் இடத்தில் கோழிவலையை ஒரு சாண் அகலத்துக்கு ஆணி அடித்துவிட்டுப் பூசினால் விரிசல் விடாது. இல்லை, பூசாமல் தூணை அப்படியே வெளியே தெரியவிட்டால் அதுவே அழகு.

பக்கத்திலேயே கக்கூஸ் வைக்க வேண்டும். 20 அடி தள்ளிப் போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கிறது. தண்ணீர் கெடுமா? (காவேரிப்பட்டணம்)

கெடும். நம் ஊரில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. பாறை வெடிப்பு வழியாகக் கழிவு எங்கே போகும் என்று மேலே நின்று சொல்ல முடியாது. உறைக்குழி வேண்டாம், அடியிலும் பக்கத்திலும் பூசின செப்டிக் டேங்க் கட்டி, போரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, பள்ளமான பக்கம் வையுங்கள். இன்னொன்று, அறையில் தங்குபவருக்குக் குடிக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே கொடுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு, காய்ச்சினாலும் போகாது.

தோட்டத்து ஷெட். அப்பா மட்டும் படுப்பார். பாம்புக்கு என்ன வழி? (தளி)

கதவின் அடியில் விரல் நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது. கல் வாசற்படி வைத்து, கதவடியில் ரப்பர் பட்டை அடியுங்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல், இரண்டுக்கும் கம்பி வலை. சுவரைச் சுற்றி 3 அடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டு, விறகையும் வைக்கோலையும் தூரத்தில் அடுக்குங்கள். வைக்கோலுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால்தான் பாம்பு வரும். அப்பாவுக்குக் கட்டில் வாங்கிக் கொடுங்கள், தரையில் படுக்கவிடாதீர்கள். வாசலில் ஒரு லைட், அதன் சுவிட்ச் கட்டிலில் இருந்து கை எட்டும் இடத்தில்.