முப்பது பேருக்கு மைக் எதற்கு?

வணக்கம் சார்,

கோத்தகிரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சிறிய இசை நிகழ்ச்சிகள் நடத்துகிறோம். பழைய எஸ்டேட் பங்களா ஒன்றின் ஹால்தான் இடம். போன மாதம் பெங்களூரிலிருந்து நான்கு இளைஞர்களை வரவழைத்தோம். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, காலுக்கிடையில் நிறுத்தி வாசிக்கும் ஒரு செல்லோ. இன்று உயிரோடு இருப்பவர்கள் எழுதியதை மட்டும்தான் வாசித்தார்கள். முப்பது பேர் வந்தார்கள். இடைவேளையில் டீ குடித்துவிட்டுப் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். "எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். இந்த மலைக்கு இது ரொம்பப் புதிது, நம் மக்களுக்குப் புரியாது என்று தோன்றுகிறது. அடுத்த முறை முதலில் பழைய சினிமாப் பாட்டு நாலு வாசிக்கச் சொல்லி, அப்புறம் இதற்குள் போகலாமா? தொடக்கத்தில் இருபது நிமிடம் நீங்கள் வந்து விளக்க முடியுமா? டிக்கெட் வைக்கலாமா? படம் இணைத்திருக்கிறேன்.

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

கடிதத்தை ஒரு தடவை படித்தேன். படத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர். இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். வாசிப்பவர் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக். கடைசி நாற்காலிக்கும் செல்லோவுக்கும் நடுவே இருபது அடி இருக்குமா? முப்பது பேருக்கு மைக் எதற்கு? காதுகுத்து விழாவுக்கு வாடகைக்கு எடுப்பவரிடமே சொல்லி எடுத்திருப்பீர்கள், தெரிகிறது.

கோபப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு செல்லோவை ஏற்றிக்கொண்டு வருவது லேசான வேலை இல்லை. அதற்கென்று காரில் ஒரு சீட்டே போய்விடும். யாரும் கேட்காமல் கைக்காசு போட்டு இதைச் செய்திருக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன். நால்வர் வாசிக்கும் இசைக்கு, எதிரே நின்று கையசைத்து வழிநடத்தும் நடத்துநர் கிடையாது. முதல் வயலின்காரர் மூக்கால் ஒரு மூச்சை இழுப்பார், அந்த மூச்சில் நான்கு வில்லும் சேர்ந்து விழும். ஆறடி தூரத்தில் உட்கார்ந்தால் அது காதில் கேட்கும். அதைக் கேட்கத்தான் சின்ன ஹாலுக்கு வருகிறோம். நீங்களோ ஆளை இங்கே உட்காரவைத்து, சத்தத்தைச் சுவரிலிருந்து வரவழைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று, செல்லோக்காரரைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறீர்கள். குளிருமே என்ற அக்கறைதான், புரிகிறது. ஆனால் அந்த உலர்ந்த சூட்டில் மரம் சுருங்கும், முறுக்காணி வழுக்கும், பாதியில் சுருதி இறங்கும். சூடு கேட்பவர்களுக்குப் போகட்டும்.

கதவுக்கு எண்ணெய் போடச் சொன்னவருக்கு வருகிறேன். அவரை அடுத்த தடவையும் கூப்பிடுங்கள். அன்றைக்கு ஹாலில் காதைத் திறந்து வைத்திருந்தவர்களில் அவர் ஒருவர்.

குன்னூரில் நண்பர் வீட்டில் சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு மாலை நடந்தது. இதேபோல நான்கு பேர். ஓர் இளம் இசையமைப்பாளர் எழுதிய பத்து நிமிடப் படைப்பு. நடுவில் செல்லோ கரகரவென்று, தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் எழுப்பியது. வாசித்து முடித்ததும் எல்லோரும் மரியாதையாகக் கை தட்டினோம். நண்பரின் மாமியார் மட்டும் தட்டவில்லை. சின்ன வயதில் தஞ்சாவூரில் வயலின் கற்றவர். சால்வைக்குள்ளிருந்து சத்தமாகக் கேட்டார்: "தம்பி, வில்லுக்கு ரோசின் போட மறந்துட்டியா?" வில் தந்தியைப் பிடிக்கத் தடவும் பிசின்தான் ரோசின்.

எங்களுக்கெல்லாம் சங்கடம். செல்லோ வாசித்த பையன் சிரித்துக்கொண்டே அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினான். வில்லை வழக்கமான இடத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். நிறைந்த நாதம். அதே சுரத்தை, தந்திகளைத் தாங்கும் குதிரையை ஒட்டி வில்லை வைத்து இழுத்தான். அடிச்சுரம் மெலிந்து, மேலே இருக்கும் கூரான ஒலிகள் மட்டும் கிறீச்சிட்டன. இன்னொரு தடவை, வில்லை விரல் வைக்கும் பலகைக்கு மேலே கொண்டுபோய் இழுத்தான். புல்லாங்குழல்போல மங்கலாக வந்தது. "இது வேணும்னே எழுதினதும்மா" என்றான். "அப்போ மறுபடி வாசி, பார்ப்போம்" என்றார் அவர்.

முழுவதையும் மறுபடி வாசித்தார்கள். முதல் தடவை பல்லைக் கூசவைத்த இடம் எப்போது வரும் என்று இந்தத் தடவை நான் காத்துக்கொண்டிருந்தேன். அது வருவதற்குச் சற்று முன்னால் மற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதே அப்போதுதான் காதில் விழுந்தது. முடிந்ததும் "பிடிச்சுதா அத்தை?" என்று நண்பர் கேட்டார். "பிடிக்கலை. ஆனா தப்பா வாசிக்கலை" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகவே பிடித்துவிட்டது. புதிய இசையை ஒரே மாலையில் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். பத்து நிமிடப் படைப்பு என்றால் இருபது நிமிடம் ஆகும், அவ்வளவுதான். நாம் எதை ஒரே தடவை கேட்டு ரசித்திருக்கிறோம், சொல்லுங்கள். ஒரு கீர்த்தனையை வாழ்நாள் முழுக்கக் கேட்கிறோம். கச்சேரியிலேயே நிரவலில் ஒரு வரியைப் பத்து விதமாகத் திருப்பிப் பாடினால் சொக்கிப்போகிறோம். சினிமாப் பாட்டு டீக்கடையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்து விழுந்தே பிடித்துப்போகிறது. புதிதாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் ஒரே தடவை போட்டுக்காட்டி, "புரிந்ததா?" என்று கேட்பது என்ன நியாயம்?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1918இல் வியன்னாவில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். உறுப்பினர்கள் மட்டும் வரலாம். விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. கை தட்டக் கூடாது. என்ன வாசிக்கப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். புதிய படைப்புகளை நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டு, திரும்பத் திரும்ப வாசித்தார்கள். முதல் இரண்டு வருடம் தன் இசை எதையும் அங்கே வாசிக்க அவர் விடவில்லையாம். நம் ஊர்ச் சங்கத் தலைவர்களை நினைத்துக்கொண்டேன். 1921இல் பணவீக்கத்தில் அது நின்றுபோனது.

இனி, நீங்கள் எழுதிய ஒரு வரிக்காகத் திட்ட வேண்டியிருக்கிறது. "இந்த மலைக்கு இது ரொம்பப் புதிது, நம் மக்களுக்குப் புரியாது." எந்த மலைக்கு? படகர் வீட்டுச் சாவுக்கு இங்குள்ள பழங்குடியினரான கோத்தர்கள் வந்து குழலும் பறையும் வாசித்த மலை இது. இன்னொரு பழங்குடியினரான தோடர்கள் அந்தந்த நேரத்துக்கு அங்கேயே பாட்டுக் கட்டிப் பாடுவார்கள், சுற்றியிருக்கும் சிலருக்கு மட்டும். மொழியியல் அறிஞர் எமனோ 1930களில் இங்கே இருந்து எழுதியெடுத்த அந்தப் பாட்டுகள் 1971இல் பெரிய நூலாகவே வந்தன. புது இசை, சின்னக் கூட்டம் இரண்டும் இங்கே இருந்தவைதான். நீங்கள் புதிதாகக் கொண்டுவந்தது செல்லோ ஒன்றைத்தான். கிளம்பிப்போன பதினைந்து பேரில் ஒருவரிடமாவது "ஏன் போனீர்கள்?" என்று கேட்டீர்களா? கேட்காமலேயே புரியாது என்று முடிவுகட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

சினிமாப் பாட்டு வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள், நானே முதல் வரிசையில் உட்காருகிறேன். தூண்டில்போலப் போட்டால், பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு எப்போது என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள். சுலபமாக ஒன்றில் தொடங்கத்தான் வேண்டும் என்றால் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1972இல் எழுதிய ஒரு படைப்பு இருக்கிறது. வாத்தியமே கிடையாது, இரண்டு பேர் கை தட்டுவார்கள். ஒருவர் ஒரே தாளக்கட்டை விடாமல் தட்டுவார். மற்றவர் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒரு தட்டு நகர்ந்துகொண்டே போய், கடைசியில் இரண்டும் மறுபடி ஒன்றாகச் சேரும். மிருதங்கத் தனியாவர்த்தனத்தில் கணக்குப் போட்டுக் கேட்டு வளர்ந்த ஊரில் இதற்கு உரை தேவைப்படாது.

கரண்ட் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹாஸின் மூன்றாவது நால்வர் இசை (2001) முழு இருட்டில்தான் வாசிக்கப்பட வேண்டும், கலைஞர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து. நம் மின்வாரியத்தின் உதவியோடு அதை ஒரு நாள் செய்யலாம்.

இருபது நிமிடம் நான் பேசமாட்டேன். நான் பேசினால் என் கருத்தைத் தலையில் சுமந்துகொண்டு கேட்பார்கள். அந்த நேரத்தில் வாசிப்பவர்களை ஒவ்வொருவராகத் தங்கள் வாத்தியத்தில் என்னென்ன சத்தம் வரும் என்று காட்டச் சொல்லுங்கள். பொன்னாடையும் வேண்டாம்.

டிக்கெட் உங்கள் பாடு. வாசலில் ஒரு உண்டியல் போதும் என்பது என் எண்ணம்.

நேரத்தை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். பேனரில் மாலை ஏழு மணி என்று போட்டிருக்கிறீர்கள். மலையில் அந்த நேரத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப்போக வேண்டுமென்றால் சொந்த வண்டி வேண்டும். இடைவேளையில் எழுந்துபோனவர்களில் எத்தனை பேர் கடைசி பஸ்ஸுக்காக ஓடினார்களோ, யார் கண்டது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வையுங்கள்.