பச்சிளங்குழந்தையின் மார்பு எக்ஸ்ரே: கதிரளவும் படத்தெளிவும்

கேள்வி: எட்டாம் மாதத்திலேயே பிறந்த எங்கள் குழந்தை, மூச்சுத்திணறலுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. மார்பு எக்ஸ்ரே பலமுறை எடுத்துவிட்டார்கள். கதிர்வீச்சை இன்னும் குறைத்து எடுக்கும்படி கேட்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். பச்சிளங்குழந்தைக்கு எடுக்கும் ஒரு மார்பு எக்ஸ்ரேயின் கதிரளவு பெரும்பாலும் 10 முதல் 30 மைக்ரோசீவர்ட்டுக்குள் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) இருக்கும். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே நம் மேல் படும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவர்ட் என்பதால், ஒரு படம் சில நாட்களின் இயற்கை அளவுக்கே சமம். ஆயினும் குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிந்து வளர்பவை, அதன் முன்னே நீண்ட ஆயுள் இருக்கிறது, படங்களும் ஒன்றோடு நிற்பதில்லை. ஆகவே உங்கள் கவலை நியாயமானது.

ஆனால் அளவைக் குறைத்துக்கொண்டே போவதில் ஓர் ஆபத்து உண்டு. கதிரளவைப் பாதியாக்கினால் படத்தில் இரைச்சல் எனப்படும் புள்ளிக்கலக்கம் ஏறத்தாழ 1.4 மடங்காகும். குறைமாதக் குழந்தையின் முதிராத நுரையீரல் படத்தில் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாகத் தெரிவதே இந்த மூச்சுத்திணறல் நோயின் அடையாளம். இரைச்சலும் அப்படியேதான் தெரியும் என்பதால் மருத்துவர் எதை நம்புவார்? மூச்சுக்கு உதவ உள்ளே செலுத்திய குழாயின் நுனியும், தொப்புள் வழியே செலுத்திய மெல்லிய குழாயின் நுனியும் எங்கே நிற்கின்றன என்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாமல் மீண்டும் ஒரு படம் எடுத்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் வீணாகிவிடும்.

உண்மையான சேமிப்பு, படம் எடுக்கும் முறையில்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்துமுன், கதிர் படப்போகும் இடத்தை இயந்திரம் காட்டும் ஒளிக்கட்டம் கழுத்தின் அடியிலிருந்து விலா எலும்புகளின் கீழ்முனை வரை மட்டுமே விழ வேண்டும். தலையும் கைகளும் அதற்கு வெளியே இருக்க வேண்டும். அகலமாக எடுத்துவிட்டுக் கணினியில் ஓரங்களை வெட்டினால் படம் அழகாகும், ஆனால் உடலில் பட்ட கதிர் பட்டதுதான். உடல் நேராக இருப்பதும், இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் வயர்களை நெஞ்சிலிருந்து ஒதுக்குவதும், நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சுவிடும் குழந்தையின் அசைவு பதியாதபடி சில மில்லிவினாடிகளில் எடுத்து முடிப்பதும் அவ்வளவே முக்கியம். கதிரின் ஊடுருவும் வலுவைத் தீர்மானிக்கும் மின்னழுத்தத்தைச் சுமார் 60 கிலோவோல்ட்டில் வைத்து, மெல்லிய செம்புத்தகட்டு வடிகட்டியுடன் எடுத்தால், படத்துக்கு உதவாமல் தோலிலேயே தங்கிவிடும் வலுவற்ற கதிர்கள் பெருமளவு நீங்கும். பெரியவர்களுக்குப் பயன்படும் கிரிட் (உடலில் சிதறும் கதிர்களைத் தடுக்கும் தட்டு) இவ்வளவு சிறிய உடலுக்குத் தேவையில்லை. அதை வைத்தால் கதிரளவுதான் கூடும்.

எனவே மருத்துவரிடம், “இந்தப் படத்தால் சிகிச்சையில் என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள், அல்ட்ராசவுண்டில் பார்த்தால் போதாதா?” என்றும் கேளுங்கள். தேவையில்லாத படத்தைத் தவிர்ப்பதற்கு ஈடான குறைப்பு வேறில்லை.

கேள்வி: டிஜிட்டல் எக்ஸ்ரே வந்தபின் கதிரளவு தானாகவே குறைந்துவிட்டது என்கிறார்களே?
– ரேடியோகிராஃபி மாணவர், மதுரை

பதில்: தானாகக் குறைவதில்லை. பிலிம் காலத்தில் அளவு கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டல் கருவியோ வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்வதால், அளவு கூடக்கூடப் படம் இன்னும் துல்லியமாகவே வருகிறது. யாரும் குறை சொல்வதில்லை, அளவு மெல்ல ஏறுகிறது. இதைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு படத்துடனும் விலகல் குறியீடு என்ற எண் காட்டப்படுகிறது. அது 0 என்றால் இலக்கிட்ட அளவு. +3 என்றால் படத்தைப் பதியும் உணர்கருவியில் விழுந்தது அதைப்போல் இருமடங்கு, –3 என்றால் பாதி. இலக்கைப் பச்சிளங்குழந்தைகளுக்கென்று தனியாக, படத்தைப் படித்துச் சொல்லும் கதிரியல் மருத்துவருடன் கலந்து நிர்ணயிக்க வேண்டும். இந்த எண்ணைக் குழந்தையின் எடை, கிலோவோல்ட் ஆகியவற்றோடு பதிவேட்டில் எழுதிவரும் பழக்கத்தைப் பயிற்சிக் காலத்திலேயே தொடங்குங்கள்.