ஒரே போர் விமானத்துக்கு இரண்டு விலை எப்படி?

கேள்வி: விமானப்படைக்கு எதை வாங்கலாம் என்ற விவாதங்களில், ஒரே போர் விமானத்தின் விலையை ஒருவர் ஏழு கோடி யூரோ என்கிறார், இன்னொருவர் பதினைந்து கோடி யூரோ என்கிறார். எது சரி? இரண்டு விமானங்களை எதை வைத்து ஒப்பிடுவது? பழைய விமானம் வாங்கினால் மிச்சமாகுமா?

பதில்: இரண்டு விலையுமே சரியாக இருக்கலாம். பின்லாந்து 2021 டிசம்பரில் அமெரிக்கத் தயாரிப்பான எஃப்-35ஏ போர் விமானங்கள் 64ஐத் தேர்ந்தெடுத்தபோது கணக்கைப் பிரித்தே வெளியிட்டது. விமானங்களுக்கு மட்டும் 470.3 கோடி யூரோ. வான்வழி இலக்குகளைத் தாக்கும் ஏவுகணைகளின் முதல் தொகுதிக்கு 75.5 கோடி. பராமரிப்புக் கருவிகள், உதிரிபாகங்கள், பயிற்சி, 2030 வரையிலான பராமரிப்பு எல்லாம் சேர்த்து 292 கோடி. கட்டுமானத்துக்கு 77.7 கோடி. மீதி 82 கோடி சொச்சம், ஆயுதத் தொகுப்பை முழுமையாக்கவும் பின்னால் வரும் ஒப்பந்த மாற்றங்களுக்கும். முதல் தொகையை மட்டும் 64 ஆல் வகுத்தால் விமானம் ஒன்று 7.35 கோடி யூரோ. மொத்தத்தை வகுத்தால் 15.6 கோடி. யாராவது ஒரு விலையைச் சொன்னால், அதற்குள் என்னென்ன அடக்கம் என்று கேட்காமல் விவாதத்தில் இறங்காதீர்கள்.

ஒப்பந்தம் போட்ட பிறகும் தொகை ஓரிடத்தில் நிற்காது. கனடா 2023 ஜனவரியில் 88 எஃப்-35 விமானங்களுக்கு 1,900 கோடி கனடா டாலர் என்று அறிவித்தது. 2025ல் அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் சொன்ன தொகை 2,770 கோடி; கட்டுமானத்துக்கும் கூடுதல் ஆயுதங்களுக்கும் இன்னும் 550 கோடியாவது வேண்டும் என்றார். விலைவாசி, நாணய மாற்று விகிதம், விமானத் தளத்தைப் புதுப்பிக்கும் செலவு ஆகியவைதான் வழக்கமாகத் தொகையை ஏற்றிவிடுபவை.

ஒப்பிடும் முறையிலும் பின்லாந்தைப் பின்பற்றலாம். ‘உங்கள் விமானம் என்ன விலை?’ என்று அது கேட்கவில்லை. ‘இதுதான் எங்கள் பணம், இதற்குள் விமானம், ஆயுதம், உதிரிபாகம் எல்லாம் சேர்த்து உங்களால் தர முடிந்த மிகச் சிறந்த தொகுப்பு எது?’ என்று போட்டியாளர்கள் எல்லோரிடமும் கேட்டது. பராமரிப்புச் செலவு, போர்க்காலத்தில் உதிரிபாகம் கிடைக்கும் உறுதி, உள்நாட்டுத் தொழிலுக்கான பங்கு ஆகிய மூன்றுக்கும் தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே, மதிப்பெண் கிடையாது. தேறியவற்றைப் போர் ஒத்திகைக் கணிப்பில் மோதவிட்டு, அந்தத் திறனுக்கு மட்டும் மதிப்பெண் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால், சண்டையில் பின்தங்கிய விமானம் தொழிற்சாலை வாக்குறுதியால் முந்திவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

அடுத்து, எத்தனை வாங்குகிறோம் என்பதைவிட எத்தனை பறக்கும் என்பது முக்கியம். உதாரணத்துக்கு 24 விமானங்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு எப்போதும் பெரிய பராமரிப்பில் பிரித்துப் போட்டுக் கிடக்கும். மீதி இருபதில் 65 சதவீதம் தயார் என்றால் 13. புது விமானிகளின் பயிற்சிக்கு நான்கு போனால் மிஞ்சுவது ஒன்பது. உலகின் மிகப் பெரிய எஃப்-35 தொகுதியை வைத்திருக்கும் அமெரிக்காவிலேயே, 2023 மார்ச்சில் அந்த விமானங்களின் தயார்நிலை சுமார் 55 சதவீதம்தான் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் சொன்னது. மலேசியாவின் பாதுகாப்பு அமைச்சர் 2018ல் சொன்னது அதைவிட மோசம்: கையில் இருந்த 28 ரஷ்ய விமானங்களில் சரியாகப் பறக்கக்கூடியவை நான்கு. எனவே தயார்நிலைச் சதவீதம் ஒப்பந்தத்திலேயே, தவறினால் அபராதத்தோடு, எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தியா 2016ல் 36 ரஃபேல் வாங்கியபோது 75 சதவீதத் தயார்நிலைக்கு உறுதி வாங்கியது.

பறப்பு நேரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 24 விமானங்களுக்கு 30 விமானிகள், ஆளுக்கு ஆண்டுக்கு 180 மணி நேரம் என்றால் 5,400 மணி. மணிக்கு 20,000 டாலர் செலவாகும் விமானம் என்றால் ஆண்டுக்கு 10.8 கோடி, முப்பது ஆண்டுகளில் 324 கோடி டாலர். மணிக்கு 30,000 ஆனால் 486 கோடி. இடையே உள்ள 162 கோடியோடு ஒப்பிட்டால், வாங்கும்போது பேரம் பேசிக் குறைத்த தொகை சில்லறைக் காசு.

விலையைக் குறைக்கக் கருவிகளைக் கழற்றுவதும் உண்டு. ஆஸ்திரியா தன் யூரோஃபைட்டர் போர் விமான ஒப்பந்தத்தை 2007ல் 18 விமானங்களிலிருந்து 15 ஆகக் குறைத்தது. அவற்றில் தற்காப்புக் கருவித் தொகுப்பும் இருக்கவில்லை, எதிரி விமானத்தை அதன் வெப்பத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் அகச்சிவப்புத் தேடு கருவியும் இருக்கவில்லை. பிறகு சேர்க்கலாம் என்று விட்டவற்றை, பிறகு சேர்க்கும்போது பல மடங்கு செலவாகும்.

அனுமதி யார் கையில் என்பதையும் பாருங்கள். ஸ்வீடனின் கிரிப்பென்-இ விமானத்தில் இருப்பது அமெரிக்க எஃப்414 என்ஜின். அமெரிக்கா தலையாட்டாமல் ஸ்வீடனால் அதை விற்க முடியாது. துருக்கி ரஷ்யாவின் எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காக 2019ல் எஃப்-35 திட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. ஆயுதத்திலும் இதே சிக்கல்தான். ஏற்கெனவே கிடங்கில் இருக்கும் ஏவுகணையைப் புது விமானத்தில் பொருத்த வேண்டுமானால், மென்பொருளைத் தயாரிப்பாளர்தான் மாற்றித் தர வேண்டும். சோதனைகளோடு ஆண்டுக்கணக்கில் ஆகும்.

பலரும் மறப்பது, வானில் எரிபொருள் நிரப்பும் முறை. எஃப்-16, எஃப்-35ஏ ஆகியவற்றின் முதுகில் உள்ள துளையில் டேங்கர் விமானம் தன் குழாயைச் செருகும். ரஃபேல், கிரிப்பென், யூரோஃபைட்டர் மூன்றும் தங்கள் மூக்கருகே நீளும் குழாயை, டேங்கர் தொங்கவிடும் கூடையில் செருகும். ஒன்றுக்கானது மற்றதற்கு உதவாது. விமானத்தை மாற்றினால் டேங்கரையும் மாற்ற வேண்டி வரலாம்.

பழைய விமானம் வாங்கும் விலை குறைவுதான், சந்தேகமில்லை. ஆனால் எத்தனை மணி பறந்தது என்பதோடு நிற்காமல், விமானத்தின் உடல் சட்டகத்தில் சேர்ந்துள்ள உலோகச் சோர்வின், அதாவது தேய்மானத்தின், கணக்கைக் கேளுங்கள். கடுமையான திருப்பங்களில் பறந்த 3,000 மணி, நேராகப் பறந்த 5,000 மணியைவிட அதிகம் தேய்த்திருக்கும். புது எஃப்-16 பிளாக் 70 ரகத்தின் ஆயுள் 12,000 மணி, எஃப்-35ஏ 8,000 மணி. பழையதில் மிச்சமிருப்பதை இவற்றோடு ஒப்பிட்டு, மிச்சமுள்ள மணி ஒன்றுக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு என்ஜினின் அடுத்த பெரும் பழுதுபார்ப்பு எப்போது, ரேடாருக்கும் கணினிக்கும் உதிரிபாகம் இன்னும் தயாராகிறதா என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளியை நிரப்ப மட்டும் என்றால் பழையது நியாயமான தேர்வு. முப்பது ஆண்டு ஓட்டும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.