பசார் மாலாம் கிளிப் சொன்ன ரத்த வகை

தம்பி, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் 30 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, விரலில் சிவப்பு ஒளிக் கிளிப் மாட்டி, மூன்று மாதக் கர்ப்பிணியான உங்கள் மனைவிக்கு ஓ நெகட்டிவ் என்று சொல்லிவிட்டார்கள். ஊசிக்குப் பயப்படுகிறவருக்கு இதுவே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

நானும் சுங்கை சிப்புட் தோட்டத்துக்காரன்தான். எங்கள் சந்தையிலும் அப்படி ஒரு கிளிப்பைப் பார்த்தேன், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் மாதிரிதான் இருந்தது. அது 660, 940 நானோமீட்டர் ஒளியை விரலுக்குள் விட்டு, ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கும். ஆனால் ஹீமோகுளோபினுக்கும் ரத்த வகைக்கும் சம்பந்தமில்லை. ஏ, பி வித்தியாசமெல்லாம் சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரைத் துணுக்கில் இருக்கிறது. தோலுக்கு வெளியிலிருந்து ஒளியால் அதைப் பிடிக்க ஆராய்ச்சி நடக்கிறது, சரி. அதை நம்பி யாரும் ரத்தம் ஏற்றுவதில்லை.

லேப்பில் ஏ இருக்கிறதா என்று பார்க்க நீல மருந்து ஒரு சொட்டு, பி-க்குத் தனியாக மஞ்சள் மருந்து ஒரு சொட்டு விட்டு, ஒவ்வொன்றிலும் ரத்தத்தைக் கலந்து ஆட்டுவார்கள். அந்த வகை இருந்தால், பால்மரப் பாலில் ஆசிட் ஊற்றியதுபோல் திரிதிரியாய்க் கட்டும். கண்ணாலேயே பார்க்கலாம்.

நிஜமாகவே நெகட்டிவ் என்றால் 28ஆம் வாரத்தை ஒட்டி ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். தாயின் உடல் பிள்ளையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுத்து, அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற. அதனால் இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்கில் பதியுங்கள். அங்கே எப்படியும் ரத்தம் எடுப்பார்கள், வகையும் தெரிந்துவிடும். பயமென்றால் படுக்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரி ஒவ்வொரு முறையும் அப்படித்தான், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.