வாசகர் கேள்வி-பதில்: யூதர்களின் பண்டிகைத் தட்டு

கேள்வி: எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகையின் இரவில், செதெர் என்ற சடங்கு விருந்தின் தட்டில் ஆட்டுக்கால் எலும்பு வைக்கிறார்களே, சைவ வீடுகளில் என்ன செய்வார்கள்? மற்றவற்றைத் தயாரிக்கும் விதமும் வேண்டும்.

பதில்: எலும்புக்குப் பதில் பீட்ரூட் வைக்கலாம். இது புதுச் சலுகை அல்ல. விருந்தில் வைக்க வேண்டிய இரண்டு சமைத்த பதார்த்தங்கள் எவை என்று பேசும் இடத்தில், பீட்டும் சோறும் போதும் என்று ரவ் ஹூனா என்ற பழைய யூத அறிஞர் சொன்னது, யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே இருக்கிறது. தோலோடு 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் சரி. எலும்பு என்பது முற்காலத்தில் ஜெருசலேம் ஆலயத்தில் பலியிட்ட பாஸ்கா ஆட்டின் அடையாளம் மட்டுமே; விருந்தில் யாரும் அதைக் கடிப்பதில்லை.

தட்டில் வைக்கும் முட்டையை முதலில் நன்றாக வேகவைத்து, பிறகு தீயில் காட்டி ஓட்டைக் கருக்க வேண்டும். பச்சையாக நேரே சூட்டில் வைத்தால் வெடித்துவிடும்.

தட்டில் வைக்கும் கசப்புக் கீரையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதற்குக் குதிரைமுள்ளங்கி என்ற கார வேரை எடுத்தால் துருவிய உடனே மூடுங்கள். திறந்தே வைத்தால் காரம் ஆவியாகிப் போய்விடும். வினிகர் ஊற்றினால் காரம் நிற்கும்தான், ஆனால் ஊறவைத்ததும் வேகவைத்ததும் செல்லாது என்பது தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பின் விதி. ஆகவே வினிகரில் போட்ட பாட்டில் சரக்கு இதற்கு ஆகாது. ரோமெய்ன் லெட்டூஸ் எடுத்தால் இலை இலையாகப் பிரித்து, வெளிச்சத்தில் பூச்சி பார்த்துக் கழுவுங்கள். இனிப்பாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்; முற்ற முற்றக் கசப்பு ஏறும் கீரை அது.

தட்டில் வைக்கும் ஹரோசெத் என்ற இனிப்புக் கலவை, எகிப்தில் யூத அடிமைகள் குழைத்த கட்டடச் சாந்தின் அடையாளம். கிழக்கு ஐரோப்பிய முறைப்படி: ஆப்பிள் 3, வால்நட் 100 கிராம், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், தேன் ஒரு டேபிள்ஸ்பூன், இனிப்பான சிவப்பு ஒயின் அல்லது திராட்சைச் சாறு 3 டேபிள்ஸ்பூன். கத்தியால் பொடியாக நறுக்குங்கள். மிக்ஸியில் ஓட்டினால் ஆப்பிள் நீர் விட்டுக் கூழாகிவிடும். ஆப்பிள் கறுத்துப்போனால் எலுமிச்சை பிழிய ஓடாதீர்கள். சாந்து நிறத்தில் இருப்பதுதான் இதற்கு அழகு.

கேள்வி: பாஸ்காவுக்கான புளிக்காத ரொட்டியான மாட்சா சுட 18 நிமிடம் என்று ஏன் கணக்கு?

பதில்: கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் ஒன்றின் மாவு, தண்ணீர் பட்டபின் 18 நிமிடம் சும்மா கிடந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டதாகவே கொள்வார்கள். ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தால் கூடுதல் நேரம் கிடைக்கும் என்ற வாதமும் உண்டு. நடைமுறையில் 18 நிமிடத்துக்குள் சுட்டு முடித்துவிடுவதே பழக்கம். தண்ணீர் இரவு முழுவதும் வைத்து ஆறியதாக இருக்க வேண்டும், வெதுவெதுப்பு ஆகாது. தேய்த்த வட்டத்தில் முள் உருளையை ஓட்டித் துளை போடுவார்கள். இல்லாவிட்டால் நடுவில் உப்பி, உள்மாவு வேகாமல் போகும். உப்பியதையும் மடிந்ததையும் ஒதுக்கிவிடுவார்கள்.

சுவை பார்க்க வீட்டில் செய்யலாம்: மாவு 250 கிராம், தண்ணீர் சுமார் 120 மில்லி. உப்பும் வேண்டாம். கண்ணாடி போலத் தேய்த்து, 250 டிகிரியில் முன்பே காய்ந்த தட்டில் 3, 4 நிமிடம் சுடுங்கள். பாஸ்கா நாளுக்கு இது செல்லாது. அதற்குக் கண்காணித்துச் செய்த மாட்சாவேதான் வேண்டும்.

கேள்வி: ஹனுக்கா விளக்குப் பண்டிகைக்குச் செய்த லாட்கே (உருளைக்கிழங்கு அடை) எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று ஆகிவிட்டது. ஏன்?

பதில்: தண்ணீர்தான் எதிரி. ஒரு கிலோ உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம் இரண்டையும் பெரிய துளையில் துருவி, துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த நீரைப் பத்து நிமிடம் விட்டு, மேலே நிற்பதைக் கொட்டிவிட்டு, அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் மாவுச்சத்தைத் துருவலிலேயே சேருங்கள். பிணைப்பு அதுதான். முட்டை 2, மாட்சா மாவு (பொடித்த மாட்சா) 3 டேபிள்ஸ்பூன். உப்பைக் கடைசியில், பொரிக்கும் முன் போடுங்கள். முன்னாலேயே போட்டால் மறுபடி நீர் விடும். எண்ணெய் 180 டிகிரி. ஒரே ஈட்டில் நாலுக்கு மேல் போட்டால் சூடு இறங்கிவிடும். எடுத்ததைக் கம்பித் தட்டில் வைப்பது நல்லது, ஏனென்றால் காகிதத்தில் அடுக்கினால் ஆவி பட்டு அடிப்பக்கம் நமுத்துவிடும். இறைச்சி பரிமாறும் விருந்தென்றால் புளிப்புக் க்ரீம் கூடாது (இறைச்சியோடு பால் பொருள் சேர்ப்பதில்லை), தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல்தான். ஆலய விளக்கில் ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாகச் சொல்லும் ஹனுக்கா அற்புதத்துக்கான அடையாளம் எண்ணெயில்தான் இருக்கிறது, கிழங்கில் அல்ல. கிழங்கு பிடிக்காதவர்கள் ஜாம் வைத்த சுஃப்கானியோத் என்ற டோனட் பொரிக்கலாம்.

கேள்வி: ரோஷ் ஹஷானாவுக்கான (யூதப் புத்தாண்டு) வட்ட ஹல்லா ரொட்டி நடுவில் வேகவே இல்லை.

பதில்: சுருளை இறுக்கிச் சுற்றியிருப்பீர்கள். இரண்டாம் முறை உப்ப இடம் விட்டுத் தளர்வாகச் சுற்றுங்கள். தேன் சேர்த்த மாவு சீக்கிரம் சிவக்கும். நிறத்தை நம்பி எடுக்காமல், மேலே அலுமினியத் தாள் மூடி, உள்சூடு 88 டிகிரி வரும்வரை விடுங்கள்.