வினாத்தாளில் சரி, வீட்டில் என்ன? தாய்மார், பள்ளிப் பிள்ளைகள் நலக்கல்வி ஆய்வு: கேள்வி பதில்

கிராம சுகாதார செவிலியராகத் தொடங்கி, பிறகு செவிலியக் கல்லூரியில் சமூக நலப் பாடம் நடத்தி, ஓய்வுக்குப் பின்னும் மாணவிகளின் ஆய்வேடுகளைப் படித்துத் திருத்திக்கொண்டிருப்பவள் நான். ஊர் கும்பகோணம் பக்கம். நலக்கல்வி ஆய்வைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். மாணவிகள்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். தாய்மார்கள், ஆசிரியர்கள், ஓர் அப்பா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள்.

மேடம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார் 60 பேருக்கு வயிற்றுப்போக்கு பற்றிப் பாடம் நடத்தினேன். முன்தேர்வில் சராசரி பாதிக்கும் கீழே இருந்தது. ஏழாம் நாள் பின்தேர்வில் நன்றாக ஏறிவிட்டது. டி மதிப்பும் பெரிதாக வந்திருக்கிறது. இது போதுமா? (முதுநிலை செவிலிய மாணவி, தஞ்சாவூர்)

ஆய்வேட்டை ஏற்றுக்கொள்வார்கள் அம்மா. ஆனால் “தாய்மார்களின் நடைமுறை மேம்பட்டது” என்று முடிவுரையில் எழுதினால் நான் அதை அடித்துவிடுவேன். நடைமுறையை நீங்கள் பார்க்கவே இல்லையே. ஒரே வினாத்தாளை ஒரே வாரத்தில் இரண்டு முறை கொடுத்திருக்கிறீர்கள். முதல் முறை கேள்வியைப் படித்தபோதே பாதிப் பேர் வீட்டுக்குப் போய் விடையை விசாரித்திருப்பார்கள். பாடம் கேளாத ஒப்பீட்டுக் குழு இல்லாததால், ஏறிய மதிப்பெண்ணில் உங்கள் பாடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. டி மதிப்பு பெரிதாக இருந்தால் அந்த ஏற்றம் தற்செயல் அல்ல என்று தெரியும். ஏன் ஏறியது என்பதை அது சொல்லாது.

நான் என் மாணவிகளிடம் கேட்பது ஒரு சொம்பும் ஒரு பாக்கெட்டும்தான். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைத் தாயின் கையில் கொடுத்து, “கரைத்துக் காட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், 24 மணி நேரம் கடந்தால் கொட்டிவிட வேண்டும் என்று வினாத்தாளில் சரியாகக் குறித்த அதே கை, ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சிட்டிகை போட்டுக் கலக்கும். அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் ஒரு லிட்டர் என்று குறியிட்ட பாத்திரம் எங்கே இருக்கிறது? படியும் ஆழாக்கும் இருக்கின்றன. ஆகவே அந்த வீட்டிலேயே இருக்கும் லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துப் பாடம் நடத்துங்கள். தூள் அதிகமாகிக் கரைசல் உப்பேறினால் அது குழந்தைக்குக் கெடுதல் என்பதையும் சொல்லுங்கள். கரைசலோடு சேர்த்துத் தரும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் முடித்தார்கள் என்று மீதி மாத்திரையை எண்ணிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை போங்கள். அந்த மூன்றாம் வருகையில் கிடைப்பதுதான் உங்கள் ஆய்வு.

தமிழில் வினாத்தாள் தயாரிக்கும்போது “வயிற்றுப்போக்கு” என்றே போட்டால் போதும்தானே? (அதே மாணவி)

போதாது. அச்சில் அது வயிற்றுப்போக்கு. நம் பக்கத்துப் பெண்கள் வாயில் அது பேதி, வயிற்றோட்டம், “வயிற்றால் போகிறது”. பச்சையாகப் போனால் மாந்தம். பல் முளைக்கும்போது போனால் பல் பேதி. மாந்தத்துக்கும் பல் பேதிக்கும் கரைசல் கொடுக்க வேண்டும் என்று பல தாய்மார்களுக்குத் தோன்றுவதே இல்லை, ஏனென்றால் அவர்கள் கணக்கில் அது வேறு நோய். மாந்தத்துக்கு உரை மருந்து, சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொண்டது என்று சொல்லும் தொக்கத்துக்கு ஊதி எடுப்பது என்று தனித்தனி வழி வைத்திருக்கிறார்கள். “வயிற்றுப்போக்குக்கு என்ன கொடுப்பீர்கள்?” என்ற கேள்விக்குச் சரியான விடை எழுதிய தாய், மாந்தம் வந்த பிள்ளைக்கு அதைக் கொடுக்காமல் இருந்தால் பொய் சொன்னதாக நினைக்காதீர்கள். கேள்விதான் அவர் வீட்டுக்குள் நுழையவில்லை. முன்னோட்ட ஆய்வு நடத்தும்போது பத்துப் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லும் சொற்களை முதலில் எழுதி வாருங்கள்.

அக்கா, தாய்மார்களைக் கூட்டத்துக்கு அழைத்தால் வருவதே இல்லை. வந்தாலும் பாதியில் எழுந்து போகிறார்கள். அக்கறை இல்லையா? (கிராம சுகாதார செவிலியர், திருத்துறைப்பூண்டி வட்டாரம்)

இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான். சம்பா நடவு நேரத்தில் ஒரு கிராமத்துக்கு, தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டும் இணை உணவு பற்றிப் பாடம் நடத்தப் போனேன். வீட்டுக்கு வீடு பாட்டிகள்தான் இருந்தார்கள். இடுப்பில் பேரப் பிள்ளை, கையில் சோற்றுக் கிண்ணம். தாய்மார்கள் விடியுமுன் நாற்று பறிக்கப் போய்விட்டார்கள். “தாய்மார் இல்லை” என்று பதிவேட்டில் குறித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது: எட்டு மாதப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தவர் கண்ணெதிரே இருந்தார், அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

டெல்டாவில் நலக்கல்விக்கு நாட்காட்டி மேட்டூரில் தொடங்குகிறது. அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். குறுவை நடவு, பிறகு சம்பா, தாளடி. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தை, மாசியில் அறுப்பு. நடவுக்கும் களைக்கும் கூலி கிடைக்கும் நாட்களில் பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டால், ஒரு நாள் கூலியை விட்டு வா என்று கேட்கிறோம். அது அக்கறையின் அளவுகோல் ஆகாது. மழைக்கு முன்பே வயிற்றுப்போக்குப் பாடத்தை முடித்துவிடுங்கள். மற்றப் பாடங்களை அறுப்பு முடிந்து பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் போயே தீர வேண்டும் என்றால் மாலை விளக்கு வைத்த பிறகு போங்கள், அரை மணிக்கு மேல் இழுக்காதீர்கள். பாட்டிகளை விட்டுவிடாதீர்கள்.

அம்மா, எனக்கு அடுத்த மாதம் பிரசவம். பிள்ளை பிறந்ததும் சேனை (நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ) தொட்டு வைக்க வேண்டும், முதல் பாலைக் கறந்து கொட்ட வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? (பாபநாசம்)

சீம்பாலைக் கொட்டாதீர்கள். மஞ்சளாகக் கெட்டியாக வரும் அதில்தான் நோயைத் தடுக்கும் சத்து நிறைந்திருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஆபத்தாகவும் முடியலாம்.

மாமியாரிடம் நீங்கள் தனியாக வாதாட வேண்டாம். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். செவிலியரே அவரிடம் நேரில் சொல்லட்டும். சேனை வைப்பது நல்ல வாக்கும் குணமும் வர வேண்டும் என்ற ஆசையில் செய்வது. பிள்ளையை முதலில் கையில் வாங்கி வாழ்த்துகிற உரிமையை அவருக்குக் கொடுங்கள். வாயில் மட்டும் எதையும் வைக்க வேண்டாம். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் கை கழுவுதல் பற்றி ஒரு செவிலிய மாணவி பாடம் நடத்திப் போனார். பிள்ளைகள் எல்லாப் படிகளையும் அழகாகச் செய்து காட்டுகிறார்கள். ஆனால் சாப்பாட்டுக்கு முன் சும்மா நனைத்துவிட்டு ஓடுகிறார்கள். பாடம் வீணா? (ஆசிரியர், நாகப்பட்டினம் மாவட்டம்)

வீண் இல்லை சார், ஆனால் பாதியில் நிற்கிறது. ஒன்று கேட்கிறேன்: உங்கள் குழாயடியில் சோப்பு இருக்கிறதா? பல பள்ளிகளில் வாங்கி வைத்த மறுநாளே காக்கை தூக்கிப் போய்விடும், அல்லது தண்ணீரில் ஊறிக் கரைந்துவிடும். பழைய வலைப் பையில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். 200 பிள்ளைகளுக்கு இரண்டு குழாய் இருந்து, மணி அடித்துப் பத்து நிமிடத்தில் தட்டோடு உட்கார வேண்டும் என்றால், 20 விநாடி தேய் என்று சொல்வது அநியாயம். வகுப்பு வகுப்பாக ஐந்து நிமிட இடைவெளியில் விடுங்கள்.

ஆய்வு செய்ய வரும் மாணவிக்கும் இதையே சொல்வேன். பிள்ளைகளுக்குத் தெரியாமல் தள்ளி நின்று, சாப்பாட்டு மணியின்போது எத்தனை பேர் சோப்பைத் தொட்டார்கள் என்று எண்ணட்டும். வெள்ளைச் சீருடையோடு குழாயருகே நின்றால் எல்லோருமே கழுவுவார்கள். காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் 2023 ஆகஸ்ட் 25-இல் விரிவானது உங்கள் மாவட்டத்துத் திருக்குவளையில்தானே? அந்தத் திட்டம் நடக்கும் தொடக்கப் பள்ளிகளில் காலையும் மதியமும் என ஒரு நாளில் இரண்டு முறை எண்ண வாய்ப்பிருக்கிறது. இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எந்தக் கல்லூரியிலும் இல்லை.

மாதிரி எண்ணிக்கை 60 என்றுதான் எல்லோரும் எடுக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டா? (இளநிலை மாணவர், மன்னார்குடி)

முந்தைய ஆய்வேட்டில் 60 இருந்தது என்பதுதான் பெரும்பாலும் காரணம். கணக்குப் போடுங்கள். ஒரு பழக்கம் பாதிப் பேரிடம் இருக்கும் என்று வைத்து, பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்றால் நூறு பேர் வேண்டும். ஐந்து சதவீதத் துல்லியம் வேண்டும் என்றால் 400 பேர். முழு வகுப்பாகத் தேர்ந்தெடுத்தால் இன்னும் கூடும், ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பார்கள் அல்லவா.

பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பெண் பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிகிறார்கள். கர்ப்பிணிகளும் சத்து மாத்திரையைச் சாப்பிடுவதில்லை. எத்தனை முறை சொல்வது? (அங்கன்வாடிப் பணியாளர், வலங்கைமான்)

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. பாதிக்குப் பாதி. அதனால் இந்த மாத்திரை குப்பையில் விழுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் ஏன் எறிகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்படுவார்கள். பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்று கர்ப்பிணிகளிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். இந்த மூன்றையும் மாத்திரை கொடுப்பதற்கு முன்பே நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு போடலாம். மலம் கறுப்பது இரும்பால்தான், கெடுதல் இல்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை. மாத்திரையோடு டீ, காப்பி கூடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும்.

இன்னொன்று, வரப்பிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடக்கும் ஊர் நமது. கொக்கிப்புழு காலின் தோல் வழியே ஏறிக் குடலில் உட்கார்ந்து இரத்தத்தை உறிஞ்சும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய குடற்புழு நீக்க நாட்களில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையை மென்று விழுங்கச் செய்யுங்கள். செருப்பு, கழிப்பறை இரண்டும் இல்லாவிட்டால் புழு திரும்பவும் வரும். இரும்பு மாத்திரை மட்டும் என்ன செய்யும்? இரத்தசோகை ஆய்வுகளில் பிள்ளைகளின் செருப்பைக் கணக்கெடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. யாராவது செய்யுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்யத் தலைமை ஆசிரியர் கையெழுத்து போதுமா? (முதுநிலை மாணவி, திருவாரூர்)

போதாது. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகவும், அதற்கு மேல் 18 வரை எழுத்திலும் சம்மதம் பெற வேண்டும். “வேண்டாம்” என்று சொல்லும் பிள்ளையை ஆசிரியர் அதட்டி உட்கார வைத்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். ஹீமோகுளோபின் பார்க்கும்போது ஒரு சிறுமிக்கு 8 கிராமுக்குக் கீழே இருந்தால் அட்டவணையில் எழுதிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போக உங்களுக்கு உரிமை இல்லை. அன்றே பெற்றோரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், மறுவாரம் போனாளா என்று விசாரியுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஆய்வு முடிந்தபின் அதே பாடத்தை நடத்திவிட்டு வாருங்கள்.

பிள்ளைகளுக்குச் சொன்னால் வீட்டில் அம்மாவிடம் போய்ச் சேருமா? (பள்ளி ஆசிரியை, சீர்காழி)

சேரும். 1979 சர்வதேசக் குழந்தைகள் ஆண்டை ஒட்டி லண்டனில் உருவான ‘குழந்தையிடமிருந்து குழந்தைக்கு’ என்ற முறையே இந்த நம்பிக்கையில் பிறந்தது. தம்பி தங்கையைத் தூக்கி வளர்க்கும் அக்காமார் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளை என்ன சொல்ல முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். “குடத்தை மூடி வை, நீளப்பிடி அகப்பையால் மொண்டு எடு” என்று ஒரு ஏழாம் வகுப்புப் பெண் அம்மாவிடம் சொல்லலாம், தானே செய்துவிடலாம். “கழிப்பறை கட்டு” என்று சொல்ல வைத்தால் அந்த வீட்டின் இல்லாமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம். ஆய்வாக்க விரும்பினால், பாடம் பிள்ளைக்கு மட்டும், அளவெடுப்பு வீட்டில். அம்மாவுக்கு நீங்கள் எதுவும் சொல்லாமல், மூடிய குடங்களை முன்னும் பின்னும் எண்ணுங்கள்.

என் மனைவி ஜவுளிக்கடை வேலைக்குக் காலையிலேயே போய்விடுகிறார். இரண்டு வயது மகளைக் குளிப்பாட்டி ஊட்டுவது நான்தான். எல்லாக் கூட்டமும் “தாய்மார்களுக்கு” என்றே இருக்கிறதே? (ஒரு தந்தை, மயிலாடுதுறை)

நியாயமான வருத்தம் ஐயா. நானே பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதிக்கொடுத்தேன். இப்போது என்னிடம் வரும் ஆய்வேடுகளில் “தாய்மார்” என்ற இடத்தில் “குழந்தைக்கு ஊட்டுபவர்” என்று மாற்றச் சொல்கிறேன். உங்கள் ஊர் அங்கன்வாடியில் எடை போடும் நாளன்று மகளை நீங்களே தூக்கிப் போங்கள். அட்டையை வாங்கி எடைக்கோடு ஏறுகிறதா என்று கேளுங்கள். அன்று பாடம் நடந்தால் வாசலில் நிற்காதீர்கள், உள்ளே போய் உட்காருங்கள்.