கருவிழி மாற்றுச் சிகிச்சையும் திசுப் பொருத்தமும்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டாக்டர், என் தந்தைக்குப் பொருத்திய கருவிழி மங்கிவிட்டதால் மறுபடி பொருத்த வேண்டும் என்கிறார்கள். சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோல் இதற்கும் திசுப் பொருத்தம் பார்க்கச் சொல்லலாமா?

பதில்: நல்ல கருவிழியில் இரத்தக் குழாயும் இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை, ஆகவே உடலின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே எளிதில் சென்று சேர்வதில்லை. கூம்பு வடிவக் கருவிழி உள்ளவர்களுக்கு முதல் முறை பொருத்தும்போது யாரும் திசுப் பொருத்தம் பார்க்காமலே பெரும்பாலும் நன்றாக நிலைப்பது இதனால்தான். இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்துவிட்ட கண்ணும், முன்பே ஓர் ஒட்டை, அதாவது பொருத்திய கருவிழியை, அந்நியமென எதிர்த்து நிராகரித்த கண்ணும் அந்தப் பாதுகாப்பை இழந்தவை. இத்தகைய நோயாளிகளிடமே அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்து, 1992ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டன: எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளப் புரதங்களில் ஏ, பி, டி.ஆர். வகைகளின் பொருத்தம் ஒட்டின் ஆயுளைக் கூட்டவில்லை, ஏ.பி.ஓ. இரத்தப் பிரிவுப் பொருத்தம் ஓரளவு உதவக்கூடும். அந்த நோயாளிகளுக்கு நிராகரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தாராளமாகவும் நீண்ட காலமும் தரப்பட்டது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். எனவே உங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியவை வேறு: குழாய்கள் எத்தனை பக்கங்களிலிருந்து நுழைந்துள்ளன, கண் அழுத்தம் எவ்வளவு, இமையும் கண்ணீரும் சீராக உள்ளனவா.

கேள்வி: எனக்கு ஓ பாசிட்டிவ். ஏ பாசிட்டிவ்காரரின் கண் ஒத்துக்கொள்ளுமா?

பதில்: முதல் முறை என்றால் கவலை வேண்டாம், ஆபத்து மிகுந்த கண் என்றால், ஒத்த பிரிவு கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: தானம் செய்தவரின் கண் நிறம் எனக்கு வந்துவிடுமா?

பதில்: வராது. ‘கருவிழி’ என்ற பெயரால் வரும் குழப்பம் இது. மாற்றப்படுவது முன்னால் உள்ள நிறமற்ற, கண்ணாடி போன்ற படலம் மட்டுமே.

கேள்வி: அமெரிக்க ஆய்வை மட்டுமே சொல்கிறீர்கள். நெதர்லாந்தின் லெய்டனிலும் ஜெர்மனியின் ஃப்ரைபர்கிலும் பொருத்தம் பார்த்துப் பலன் கண்டிருக்கிறார்களே?

பதில்: உங்கள் ஆட்சேபம் நியாயமானது. ஐரோப்பாவில் தானக் கருவிழியை உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கிறார்கள். திசு வகை பார்த்து உரியவரைத் தேட நேரம் கிடைக்கிறது. குளிர்நிலையில் வைக்கும் நாடுகளில் அந்த அவகாசம் குறைவு. ஆனால் பிரிட்டனின் அனுபவத்தையும் பாருங்கள். முதல் ஆய்வில், டி.ஆர். பொருந்தாதவர்களிடம் நிராகரிப்பு குறைவாக இருந்தது என்ற வியப்பான முடிவு வந்தது. அதைச் சோதிக்கவே, முதல் வகுப்பு (எச்.எல்.ஏ. ஏ, பி) வேறுபாடுகளை இரண்டுக்குள் நிறுத்தி அடுத்த ஆய்வை நடத்தினார்கள், அதில் டி.ஆர். பொருத்தம் எந்தப் பக்கமும் வேறுபாடு காட்டவில்லை.

கேள்வி: அப்படியானால் முதல் வகுப்புப் பொருத்தமாவது பார்க்கலாமே?

பதில்: பார்க்கலாம், காத்திருக்க முடிந்தவர்களுக்கு. கருவிழியில் பெறுபவரின் அணுக்களே தானத் திசுவின் புரதங்களைத் துண்டாக்கி எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் மறைமுக வழி வலுவானது, எச்.எல்.ஏ. அல்லாத சிறு வேறுபாடுகளும் அவ்வழியே தூண்டிவிடும் என்பதால், பொருத்தம் மட்டுமே காவலாகாது. அரிதான வகை உடையவருக்குக் காத்திருப்பு மிக நீளும். மற்றொரு கண்ணில் நல்ல பார்வை உள்ளவர் பொறுத்திருக்கலாம். இருக்கும் ஒரே கண்ணும் மங்கியவரைக் காக்க வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: இரத்தப் பிரிவு பார்க்க வேண்டுமா, டாக்டர்?

பதில்: மேலே பதில் உள்ளது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: உள் அடுக்கை மட்டும் மாற்றினால் நிராகரிப்பு குறையுமா?

பதில்: குறையும், நோய் அந்த அடுக்கில் மட்டும் இருந்தால். மாறாக, உள் அடுக்கு நலமாக இருந்து முன் அடுக்குகளை மட்டும் மாற்றினால், அந்த உள் அடுக்கு நோயாளியுடையதே என்பதால் அதில் நிராகரிப்புக்கே இடமில்லை.

கேள்வி: ஓ நெகட்டிவ் உள்ளவருக்கு...

பதில்: இரத்தப் பிரிவு பற்றி இனிப் பதில் எழுத மாட்டேன். அதைவிடப் பன்மடங்கு முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன்: சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகக் கடையில் வாங்கித் தொடரவும் வேண்டாம், ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும்.

கேள்வி: பொருத்தி ஆறு மாதமாகிறது, சொட்டு மருந்தைப் போன வாரம் நிறுத்திவிட்டேன். இரண்டு நாளாகக் கண் சிவந்து, வெளிச்சம் கூசுகிறது. அடுத்த மாதம் செக்கப் இருக்கிறது, அப்போது சொன்னால் போதுமா?

பதில்: போதாது. சிவப்பு, கூச்சம், மங்கல், வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அது நிராகரிப்பாக இருக்கலாம். உள் அடுக்கின் அணுக்கள் அழிந்தால் மறுபடி வளர்வதில்லை. ஆனால் தொடக்கத்திலேயே வந்தவர்களின் ஒட்டைப் பலமுறை காப்பாற்ற முடிந்திருக்கிறது. இன்றே அறுவை செய்த மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சொட்டு மருந்தை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள்.